பாதாளத்தில் வேலை பார்த்த பட்டதாரி

எங்களோடு தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) பி.எஸ்சி. படித்தவன் போன வருஷம் காலமானான். சாம்பியன் ரீஃப்ஸ் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவன். வட ஆர்க்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அப்பா சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்டவர். கல்தூசி நுரையீரலை அரித்த பிறகும் இறங்கினார். பிள்ளை சுரங்கத்தில் இறக்கும் கூண்டில் கால் வைக்கக் கூடாது என்றுதான் கல்லூரிக்கு அனுப்பினார்.

அவனும் இறங்கினான், ஆனால் தங்கத்துக்கு அல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு நடத்திவந்தது. வானத்திலிருந்து வரும் கதிர்களில் பெரும்பாலானவற்றை அத்தனை பாறையும் தடுத்துவிடும். நியூட்ரினோ என்ற நுண்துகள் எளிதாக ஊடுருவி வரும். வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் கண்ட இடங்களில் இதுவும் ஒன்று, 1965இல். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க, இரும்புத் தகடுகளுக்கிடையே குழாய்களை அடுக்கி வைத்தார்கள். அதில் இவன் உதவியாளன். ஷிப்டு ஆட்களோடு ஒரே கூண்டில் போவான். "என்னப்பா, புரோட்டான் செத்துச்சா?" என்பார்கள். "இன்னும் இல்லண்ணே." (இன்றுவரை யாரும் உறுதியாகக் கண்டதில்லை.)

அப்போதெல்லாம் ஏர்பிளாஸ்ட் (சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பு) அடித்தால் அலமாரியில் பாத்திரம் உருளும். சாப்பாட்டை யாரும் நிறுத்த மாட்டோம். விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று மட்டும் காது கொடுப்போம்.

தொண்ணூறுகளில் ஆய்வு நின்றது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடியது. பிறகு அவனை ஆட்டிவைத்தது ரயில் நேரம். விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ஏறி, பெங்களூரில் மின்கருவி பழுது பார்த்துவிட்டு, இருட்டிய பின் இறங்குவான். இந்த ஊரில் பலருக்கு இன்றும் அதுவே பிழைப்பு. படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே பெட்டி.

சுரங்கத்தில் இப்போது தண்ணீர். சுரங்கக் கழிவான சயனைட் மேட்டில் சினிமா எடுத்தார்கள், ஊர்ப் பெயர் நாடெங்கும் தெரிந்தது. தேனி பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டம் முடங்கியதைப் பற்றி மட்டும் அவன் கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தான். அது வேண்டும் என்பான். நான் அதை எதிர்த்த மலையடி ஊர்க்காரர்கள் பக்கம். அந்தச் சண்டை முடியவே இல்லை.

கே.ஜி.எஃப். என்றதும் படத்தைப் பற்றிப் பேசும் பிள்ளைகளிடம் 1965ஐயும் சொல்லுங்கள். அந்தக் கருவிகள் இறங்கியதும் எங்கள் அப்பாக்கள் போன அதே கூண்டில்தான்.