தெரிந்த பின்னலைத் தோழிக்கும் சொல்லிக் கொடுப்போம்!



குழுக் கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போவதில்லை. சேமிப்பு கட்டியாச்சு, நோட்டில் கையெழுத்தும் போட்டாச்சு. அதுக்கப்புறம்தான் கைவேலைப் பேச்சு ஆரம்பிக்கும். ஒருத்தர் பாதி பின்னிய ஒயர் கூடையை எடுப்பார். இன்னொருத்தர் உல்லன் நூலும் குரோஷா ஊசியும் எடுப்பார். "இந்தப் பூ எப்படிக்கா போட்டீங்க?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். சிலர் உடனே சொல்லிக் கொடுப்பார்கள். சிலர், "அது கஷ்டம்மா, உனக்கு வராது" என்று சிரித்துக்கொண்டே ஊசியைப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

இந்த இரண்டாவது பதிலைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம். அந்தப் பதிலால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமா நஷ்டம்? சொன்னவருக்கும் நஷ்டம்தான். எப்படி என்று பார்ப்போம்.

குரோஷா வேறு, நிட்டிங் வேறு

இரண்டையும் நாம் பொதுவாகப் பின்னல் என்றுதான் சொல்கிறோம். நிட்டிங்கில் இரண்டு நீள ஊசி இருக்கும். ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாமே ஊசியில் நிற்கும். ஒரு கண்ணி நழுவினால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். குரோஷாவுக்கு நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி போதும். ஒவ்வொரு பின்னலும் முடிந்ததும் கொக்கியில் ஒரு கண்ணிதான் நிற்கும். குழந்தை அழுதால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம், பஸ்ஸிலும் பின்னலாம். தப்பாகிவிட்டால் நூலை இழுத்துப் பிரித்து மறுபடியும் போடலாம். புதிதாகக் கற்பவருக்கு இதுதான் பெரிய தைரியம்.

இன்னொரு விஷயம். திருப்பூர் பனியன் துணி முழுக்க மெஷின் நிட்டிங்தான். ஆனால் குரோஷா பின்னலைக் கை போடுவது போலவே போட்டுத் தரும் மெஷின் சந்தையில் இல்லை. கடையில் 'குரோஷா மாடல்' என்று வரும் மெஷின் துணி, பார்க்க அது மாதிரி இருக்கும் வேறு வகைப் பின்னல். அதனால் உண்மையான குரோஷா பொருள் எதுவாக இருந்தாலும், அதற்குப் பின்னால் ஒருவருடைய கை இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கை.

"சொல்லிக் கொடுத்தா என் ஆர்டர் போயிடுமே மேடம்!"

குழுக்களுக்குப் போகும்போது இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். இந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. கஷ்டப்பட்டுக் கற்ற வேலை, அதில் வரும் நாலு காசு. பயம் இருக்கத்தானே செய்யும்?

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மாதத்தில் 200 பர்ஸ் வேண்டும் என்று ஒரு கடைக்காரர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பின்னத் தெரிந்தவர் நாளுக்கு ஒன்று போட்டாலும், லீவே எடுக்காமல் 30 பர்ஸ்தான் வரும். மீதி 170-க்கு எங்கே போவது? "முடியாதுங்க" என்று சொல்ல வேண்டியதுதான். அந்த ஆர்டர் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போகவில்லை, ஊரை விட்டே போய்விட்டது! அதே வேலை எட்டுப் பேருக்குத் தெரிந்திருந்தால் ஆளுக்கு 25. ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் எடுத்துக்கொண்டு முடித்துவிடலாம்.

ஒருத்தர் கையில் மட்டும் இருக்கும்வரை அது பொழுதுபோக்கு. எட்டுப் பேருக்குத் தெரிந்தால்தான் தொழில்.

நர்சாபூரில் என்ன நடந்தது?

அப்படியானால் நிறையப் பேருக்குத் தெரிந்தால் போதுமா? போதாது. அதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது.

ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நர்சாபூர் என்று ஓர் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் அங்கே குரோஷா லேஸ் பின்னுவதைக் கற்றுக் கொடுத்தார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் அதைக் கற்றார்கள். அவர்கள் பின்னிய லேஸ் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் நாட்டுப் பெண் ஆய்வாளர் அந்தப் பெண்களோடு பழகி ஆராய்ந்து, 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? பெண்கள் வீட்டு வேலையும் பார்த்து, நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸும் பின்னினார்கள். கிடைத்த பணமோ, விவசாயக் கூலிப் பெண்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று சொல்லியே அதை உழைப்பாகக் கணக்கில் எடுக்கவில்லை. லாபம் வியாபாரிகளுக்குப் போனது.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பெண் பூ மட்டும் பின்னுவார். அந்தப் பூக்களை ஒட்டுப் போடுவது வேறொரு பெண். நடுவில் ஏஜெண்ட் வந்து இங்கே வாங்கி அங்கே கொடுப்பார். தான் பின்னிய பூ கடைசியில் மேஜை விரிப்பானதா, என்ன விலைக்குப் போனதா என்பது பின்னியவருக்குத் தெரியாது. முழுப்பொருள் கையில் இல்லாதவர் எப்படி விலை பேச முடியும்?

வேலையின் பெருமை குறையவில்லை. நர்சாபூர் குரோஷா லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நமக்குப் பாடம் இதுதான்: ஒரு பூவை மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிடக் கூடாது. தொடக்கம், பின்னல், ஒட்டுப் போடுவது, ஓரம் கட்டுவது, விலை போடுவது எல்லாமே குழுவில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். அறிவைப் பிரித்து ஒளித்து வைக்கக் கூடாது.

பல கை பின்னினாலும் ஒரே அளவு வருமா?

வரும். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு, உலகிலேயே பெரிய குரோஷா போர்வைக்கான கின்னஸ் சாதனை செய்தது. அளவு 11,148.5 சதுர மீட்டர். நம்ம கணக்கில் சுமார் இரண்டேமுக்கால் ஏக்கர்! ஒரே இடத்தில் உட்கார்ந்து அதைப் பின்னவில்லை. அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அளவை முன்கூட்டியே பேசி முடிவு செய்தால்தான் இது நடக்கும்.

நம் குழுவிலும் அதே முறைதான். ஒரே நூல், ஒரே ஊசி கொடுத்தாலும் ஒருத்தர் சதுரம் 10 செ.மீ. வரும், இன்னொருத்தருக்கு 11 வரும். காரணம் கை இறுக்கம். இது குறை கிடையாது, ஆளுக்கு ஆள் கையெழுத்து மாறுவது போலத்தான். என்ன செய்யலாம்?

• ஆர்டர் எடுத்ததும் எல்லோரும் ஒரு மாதிரிச் சதுரம் போட்டு ஸ்கேலில் அளக்கவும்.
• இறுக்கிப் பின்னுபவர் ஒரு நம்பர் பெரிய ஊசியும், தளர்வாகப் பின்னுபவர் ஒரு நம்பர் சிறிய ஊசியும் எடுக்கவும். ஊசியில் மி.மீ. அளவு போட்டிருக்கும்.
• நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கவும். லேபிளில் சாய லாட் எண் இருக்கும். லாட் மாறினால் ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரியும்.
• பருத்தி நூலானால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்கவும். சாயம் ஒட்டினால் அதை வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டாம்.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நன்றாகப் பின்னுபவர்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க வந்துவிடாது. அவர்கள் கை வேகமாக ஓடும், பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. சில எளிய வழிகள்:

முதலில் தடிமனான, வெளிர் நிற உல்லன் நூல் கொடுங்கள். கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது. பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். கற்பவர் உங்கள் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து உட்காரட்டும். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் எதிரே உட்காரட்டும், கண்ணாடி போலப் பார்த்துச் செய்ய வசதி.

முதல் நாள் சங்கிலி மட்டும். அது ஒரே சீராக வந்த பிறகு சிங்கிள் குரோஷா, டபுள் குரோஷா. பிறகு நடுவில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகப் போகும் சதுரம். ஊசியை அவர் கையிலேயே விடுங்கள். "கொடு, நான் போடறேன்" என்று வாங்கினால் உங்கள் கைதான் பழகும்!

யூடியூப் பார்த்துக் கற்கும் தோழிகள் ஒன்றைக் கவனிக்கவும். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷா என்பதை பிரிட்டன் முறையில் டபுள் குரோஷா என்பார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டனில் ட்ரெபிள். இது தெரியாமல் "வீடியோல சொன்ன மாதிரிதான் போட்டேன், அளவு வரலையே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெயரைப் பார்க்காமல் கை போடுவதைப் பாருங்கள். வீடியோவின் வேகத்தைக் குறைத்து வைத்தும் பார்க்கலாம்.

"எனக்குக் கண்ணு தெரியல" என்று ஒதுங்கும் அக்காமார்களை விட்டுவிடாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது சகஜம். பரிசோதனை செய்து கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். யாராக இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரலையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்குங்கள்.

சொல்லிக் கொடுப்பவருக்கு என்ன பலன்?

"நான் மட்டும் ஓசியில் சொல்லிக் கொடுக்கணுமா?" என்ற கேள்வி நியாயமானது. குழுவில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கற்றுத் தருபவருக்கு ஒரு தொகை தரலாம். அல்லது ஆர்டரின் தரம் பார்க்கும் பொறுப்பையும் அதற்கான கூலியையும் அவருக்கே கொடுக்கலாம். ஒருத்தர் சொந்தமாக யோசித்த டிசைனை அவரைக் கேட்காமல் வெளியே கொடுக்கக் கூடாது. யார் எத்தனை பின்னினார், எவ்வளவு பணம் பெற்றார் என்பது எல்லோரும் பார்க்கும் நோட்டில் இருக்க வேண்டும். கணக்கு வெளிப்படையாக இருந்தால் பயம் பாதி குறையும்.

நம் நேரத்துக்கும் விலை உண்டு

ஒரு குழந்தைத் தொப்பியை உதாரணமாக எடுப்போம். நூல் 40 ரூபாய், பின்ன 3 மணி நேரம். 100 ரூபாய்க்கு விற்றால் "60 ரூபாய் லாபம்" என்கிறோம். அது லாபமா? 3 மணி நேரத்துக்கு 60 என்றால் மணிக்கு 20. எட்டு மணி நேரம் உழைத்தால் 160 ரூபாய். உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவு? ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாளுக்கு 300 ரூபாயாவது வேண்டும் என்றால் மணிக்கு 37.50. மூன்று மணிக்கு 112.50. நூலோடு சேர்த்து 152.50. பஸ் செலவும் கவரும் சேர்த்தால் 160 ரூபாய்க்குக் குறைந்து விற்கக் கூடாது. இந்தக் கணக்கு குழுவில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒருத்தர் 160 சொல்லி, இன்னொருத்தர் 100-க்குக் கொடுத்தால் இருவருக்கும் நஷ்டம்.

விற்பனைக்கு மாவட்டத்தில் உள்ள பூமாலை வணிக வளாகம், மகளிர் திட்டம் மூலம் நடக்கும் கண்காட்சிகள், கல்லூரிச் சந்தை ஆகியவற்றைக் கேளுங்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசப் பயிற்சிகள் உண்டு. நூல் வாங்கக் குழுவின் உள்கடனே போதும்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் யாருக்கு என்ன பின்னல் தெரியும்? பட்டியல் எழுதுங்கள். ஒயர் கூடை, உல்லன் தோரணம், குரோஷா, நிட்டிங் எல்லாம் சேரும்.
2. முழுப்பொருளையும் தொடக்கத்திலிருந்து ஓரம் வரை முடிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?
3. கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம், யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது?
4. நாம் இப்போது விற்கும் பொருளில் மணிக்கு எவ்வளவு கூலி நிற்கிறது?

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்த நான்கு கேள்விகளையும் வாசித்து, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். பட்டியலின் ஒரு பிரதியைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த ஊரில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்பது கையில் இருந்தால், அடுத்த பெரிய ஆர்டர் வரும்போது "முடியாதுங்க" என்று சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு வராது.