குளிர்ந்தால் படியும் உப்பும் கால் பெருவிரல் வலியும்

இரவு நலமாக உறங்கச் சென்றவர், பின்னிரவில் கால் பெருவிரலில் தாங்க இயலாத வலியோடு விழித்துக்கொள்கிறார். விரலின் அடிமூட்டு சிவந்து வீங்கியிருக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. இவ்வாறு எங்களிடம் வருவோரின் குடும்பத்தினர் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "அடி எதுவும் படவில்லையே, இத்தனை மூட்டுகள் இருக்க இந்த விரலுக்கு மட்டும் ஏன்?"

விடையின் ஒரு பகுதி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. 100 கிராம் நீரில், 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை கரையும். 80 டிகிரியில் ஏறத்தாழ 360 கிராம் கரையும். சூடான பாகு ஆறும்போது, நீரால் தாங்க இயலாத மிகுதி பிரிந்து படிகமாகிறது. கற்கண்டு விளைவது இவ்வாறே. எல்லாப் பொருள்களும் இந்த அளவுக்கு மாறுவதில்லை. சமையல் உப்பு 20 டிகிரியில் 36 கிராமும் கொதிநிலையில் 39 கிராமும் மட்டுமே கரைகிறது.

நம் குருதியில் உள்ள யூரிக் அமிலம் இவ்வகையில் சர்க்கரையைப் போன்றது. உடலின் அணுக்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது அது உண்டாகிறது. பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. குருதியில் அது சோடியம் யூரேட் என்னும் உப்பாக உலவுகிறது. உடலின் இயல்பான 37 டிகிரி வெப்பத்தில், 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லி கிராம் வரை அது கரைந்திருக்கும். 30 டிகிரியில் அந்த வரம்பு ஏறத்தாழ 4.5 ஆகக் குறைகிறது. இதயத்திலிருந்து தொலைவில் உள்ள பெருவிரல், உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தது. ஆகவே அங்கே படிகம் எளிதில் உருவாகிறது. நடையின் சுமையால் அம்மூட்டு தேய்வதும் இதற்குத் துணைபோகிறது. நாள்பட்ட நோயாளிகளின் காது மடலில் யூரேட் கட்டிகள் தோன்றுவதற்கும் குளிர்ச்சி ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்நோயையே 'கௌட்' என்கிறோம்.

அவ்வாறாயின் வெந்நீரில் காலை வைத்தால் படிகம் கரைந்துவிடுமா? கரையாது. படிந்த யூரேட் மிக மெதுவாகவே கரையும். மேலும், வலியைத் தருவது படிகத்தை எதிர்த்து நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் உண்டாக்கும் அழற்சி. அந்த வேளையில் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைப்பதே இதமளிக்கும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

நிலையான தீர்வு, பாகில் சர்க்கரையைக் குறைப்பதைப் போன்றது. குருதியில் யூரிக் அமிலத்தை 6 மில்லி கிராமுக்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால், புதிய படிகம் விளையாது. பழையதும் மாதக்கணக்கில் கரைந்து மறையும். அலோபியூரினால் போன்ற மாத்திரைகள் இதற்காகவே தரப்படுகின்றன.

நாங்கள் அடிக்கடி காணும் தவறு, வலி நின்றதும் இம்மாத்திரையை நிறுத்திவிடுவது. வலி நிற்பதால் படிகம் போய்விட்டதென்று பொருளில்லை. அதுபோலவே, சிகிச்சையின் முதல் சில மாதங்களில் வலி மீண்டும் வரக்கூடும். பழைய படிவு கரையும்போது அவ்வாறு நேர்வதுண்டு; மருந்து பயனற்றது என்று எண்ணி அதைக் கைவிட வேண்டாம். ஆயினும் தோலில் தடிப்பு, வாய்ப்புண் அல்லது காய்ச்சல் தோன்றினால் மாத்திரையை நிறுத்தி, அன்றே எங்களிடம் வாருங்கள். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். அது மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்தானது. வலி வந்த நாளில் எடுத்த பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பாக இருந்தாலும், கௌட் இல்லை என்று முடிவு செய்துவிட இயலாது. வலி தணிந்து இரண்டு வாரங்கள் கழித்து மறுபடியும் பரிசோதிப்பது நல்லது. அடுத்த முறை வரும்போது அந்த முடிவையும், தற்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.