கார் நின்றால் உடனே கொயிலைக் குற்றம் சொல்லாதீர்கள்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் ஓடும் ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்களில் பெரும்பாலானவை அறுபது வயதைத் தாண்டியவை. சில குடும்பங்களுக்கு அவை கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் பிழைப்பு. வேறு சிலருக்கு, இடப்பெயர்வுகளில் கைவிடாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த ஒரே சொத்து. இப்படியான கார் ஒன்று நடுத்தெருவில் நின்றுவிட்டால் கராச்சில் அடிக்கடி கேட்கும் சொல் "கொயில் போட்டுது" என்பதுதான். பழைய லூகாஸ் கொயிலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுகிறார்கள். அடுத்த கிழமை கார் திரும்பவும் நிற்கிறது. எறியப்படும் கொயில்களில் கணிசமானவை பழுதில்லாதவை என்பதே என் எண்ணம். உறுதிப்படுத்த ஒரு மல்ரிமீற்றரும் அரை மணித்தியாலமும் போதும்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் பற்றறியும் வடக்குக்கு மறுக்கப்பட்டன. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் எங்கள் சாரதிகள். காயப்பட்டவர்களும் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களும் ஆஸ்பத்திரி சேர்ந்தது அந்தக் கார்களில்தான். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. பிளக்கில் கரி படியும். கரியின் ஊடாக மின் கசிந்து பொறி மெலியும். கொயிலோ பொயின்றோ கொஞ்சம் தளர்ந்தாலும் கார் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ராட்டரைச் சுற்றப் பலமில்லாத பற்றறிகூடக் கொயிலுக்குத் தேவையான நாலு அம்பியரைக் கொடுக்கும் என்பதால், கைபிடி போட்டுச் சுற்றியோ தள்ளியோ கிளப்பினார்கள். அந்த அனுபவம் உள்ளவர்கள் இப்போது முதியவர்களாகிவிட்டார்கள்.

கொயிலுக்குள் இருப்பவை இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் தடித்த கம்பி, சில நூறு சுற்று. மற்றதில் மயிர்போன்ற கம்பி, பல ஆயிரம் சுற்று. டிஸ்ரிபியூட்டரில் பொயின்ற் மூடியிருக்கையில் தடித்த சுருளில் மின் ஓடிக் காந்தப்புலம் உண்டாகும். பொயின்ற் திறந்த கணத்தில் அது சரிய, மெல்லிய சுருளில் பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் எழும். அந்த நேரத்தில் பொயின்றிலேயே பொறி பறந்து வீணாகாமல் தடுப்பது கொண்டென்சர். கொயிலின் மேல் போடப்படும் பழிகளில் பல உண்மையில் இந்தச் சின்ன உருளையுடையவை.

முதலில் கொயிலுக்கு மின் வருகிறதா என்று பாருங்கள். பழைய லூகாஸ் கொயிலில் எஸ்.டபிள்யூ என்ற முனை சாவியிலிருந்து வருவது, சி.பி என்ற முனை பொயின்றுக்குப் போவது. சாவியைத் திருப்பி, பொயின்ற் திறந்த நிலையில் அளந்தால் இரண்டு முனையிலும் ஏறத்தாழ 12 வோல்ற் காட்ட வேண்டும். எஸ்.டபிள்யூவில் இல்லாவிட்டால் பிழை சாவியிலோ வயரிலோ இருக்கிறது. சி.பியில் மட்டும் பூச்சியம் என்றால், பொயின்றுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு அதே முனையைத் திரும்ப அளவுங்கள். இப்போது 12 வந்தால் கொயிலில் பிழையில்லை. கொண்டென்சரோ பொயின்றின் வயரோ ஏர்த் ஆகிறது. அப்போதும் பூச்சியம்தான் என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மீற்றர் இல்லாதவர்கள் சின்ன 12 வோல்ற் பல்ப்பைச் சி.பிக்கும் காரின் இரும்புக்கும் இடையில் பிடித்து இஞ்சினைச் சுற்றலாம். பல்ப் மினுங்க வேண்டும்.

அடுத்தது பொறி. டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவிலுள்ள தடித்த வயரை இழுத்து, நுனியை இஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, பிளாஸ்ரிக் பிடியுள்ள குறட்டால் பிடியுங்கள். மூடியைக் கழற்றி, சாவி திருப்பியபடி, மூடிய பொயின்றை உலர்ந்த மரக்குச்சியால் திறந்துவிடுங்கள். டக்கென்ற சத்தத்தோடு நீலப் பொறி பாய்ந்தால் கொயில் வேலை செய்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்து, பொயின்றிலும் பொறி பறந்தால் முதலில் கொண்டென்சரை மாற்றிப் பாருங்கள். வயரைத் தூரத் தொங்கவிட்டுச் சுற்றக் கூடாது; போக வழியில்லாத மின் கொயிலின் உட்காப்பைத் துளைத்துவிடும். பெற்றோல் கசியும் இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்ட நிற்கவும் கூடாது.

பிறகு சாவியை நிறுத்தி, வயர்களைக் கழற்றிவிட்டு ஓம் அளவு எடுங்கள். இரண்டு சிறு முனைகளுக்கிடையில் இந்தக் கார்களுக்கான கொயில் ஏறத்தாழ 3 ஓம். சிறு முனையிலிருந்து நடு முனைக்கு 5,000 முதல் 10,000 ஓம் வரை. கடையில் தரும் கொயில் 1.5 ஓம் காட்டினால் வாங்காதீர்கள். அது வெளியே தனித் தடையி வைத்த பிற்காலக் கார்களுக்கானது. நேரே பூட்டினால் மின் இரட்டிப்பாகும், பொயின்ற் எரியும், கொயில் கொதிக்கும்.

இத்தனையும் சரியாகக் காட்டிய கொயிலும் ஏமாற்றலாம். அரை மணித்தியாலம் நன்றாக ஓடி, பிறகு நின்று, ஆறியதும் ஒன்றும் நடவாததுபோலக் கிளம்பும் கார்களைப் பலர் கண்டிருப்பீர்கள். சூட்டில் விரியும்போது உள்ளே கம்பி விட்டுப்போகிறது. ஆறியபின் கராச்சில் அளந்தால் பிழை தெரியாது. எங்கள் வெயிலில் பெற்றோல் குழாயில் ஆவி அடைத்தாலும் கார் இதே குணத்தைத்தான் காட்டும். ஆகவே நின்ற இடத்திலேயே, சூடு ஆறுமுன் பொறியைப் பாருங்கள். நீலப் பொறி இருந்தால் பெற்றோல் பக்கம் தேடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சூட்டிலேயே ஓம் அளவை எடுங்கள். செம்பு சூடானால் தடை கொஞ்சம் ஏறும். 3 ஓம் 3.6 ஆவது நோயல்ல. அளவு நிலைகொள்ளாமல் ஆடினாலோ அறுந்ததாகக் காட்டினாலோதான் கொயிலை மாற்ற வேண்டும்.

மாற்றும்போது இன்னொரு கவனம். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் ஏர்த். அப்படியே இருக்கும் காரில் புதிய கொயிலின் பொசிற்றிவ் முனை பொயின்றுக்கும், நெகற்றிவ் முனை சாவிக்கும் போக வேண்டும். மாறிப் பூட்டினாலும் கார் ஓடும். ஆனால் பொறி பாயக் கூடுதல் வோல்ற் தேவைப்படுவதால் சுமையேற்றும்போது திணறும். பல கார்களில் பின்னாளில் இதை மாற்றியிருக்கிறார்கள். பற்றறியின் எந்த முனை காரின் இரும்புக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே பூட்டுங்கள்.