பாட்டுக்காரர்கள் கட்டிய மருத்துவமனைகள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களுக்கு,



குழந்தைகள் பிரிவின் கூரையை மாற்ற வேண்டிய அவசியத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதை வாசித்த சகோதரர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய ஊரில் ஒரு மெல்லிசைக் குழு இருக்கிறது. கல்யாண வீடுகளிலும் கோவில் திருவிழாக்களிலும் சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்கள். அக்குழுவில் பாடும் ஒரு பெண்ணின் குழந்தை நம்மிடம் சிகிச்சை பெற்றுச் சுகமடைந்திருக்கிறது. அந்த நன்றிக்காக ஓர் இரவு கச்சேரி நடத்தி, வசூலைக் கூரைக்காகக் கொடுக்க அவர்கள் முன்வந்திருக்கிறார்கள். "ஐயா, இப்படிப்பட்ட பணத்தைக் கர்த்தருடைய பணிக்கு வாங்கலாமா? எங்கள் சபையில் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது" என்று அந்தச் சகோதரர் கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபை இதைச் சந்தித்திருக்கிறது. அந்த வரலாறு நம் ஆதரவாளர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

பெனிபிட் கச்சேரி வந்த விதம்

ஐரோப்பாவில் ஆப்பரா என்றொரு கலை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் போல, கதாபாத்திரங்கள் பாடிக்கொண்டே நடிக்கும் இசை நாடகம் அது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியிலிருந்து புகழ்பெற்ற பாடகர்கள் லண்டன் முதலிய நகரங்களுக்கு வந்து பாடுவார்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு ஓர் இரவும் எழுதப்படும். அன்றைய வசூலில் அரங்கச் செலவு போக மீதி முழுவதும் அந்தப் பாடகருக்கே. இதற்குத்தான் 'பெனிபிட்' என்று பெயர். அதாவது, முதலில் அது பாடகரின் சொந்தப் பைக்காக ஏற்பட்ட வழக்கம். காலப்போக்கில் அதே ஏற்பாட்டை ஏழைகளுக்காகவும் நடத்தத் தொடங்கினார்கள்.

அக்காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு அரசாங்க மானியம் இல்லை. ஊராரின் வருடச் சந்தாவால் அவை நடந்தன. பல இடங்களில் சந்தாதாரர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் இருந்தால்தான் ஏழை நோயாளிக்குப் படுக்கை கிடைக்கும். சந்தா போதாதபோது இசை கைகொடுத்தது. பர்மிங்காம் நகரில் 1765-ல் கட்டத் தொடங்கிய பொது மருத்துவமனை பணமில்லாமல் பாதியில் நின்றது. 1768-ல் அதற்காக ஓர் இசை விழா நடத்தினார்கள். 1779-ல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடந்த அந்த விழா 1912 வரை தொடர்ந்தது. நமது நகரப் பாடகர் குழுக்கள் சில பாடும் மெண்டெல்சனின் 'எலியா' முதன்முதல் அரங்கேறியது அந்த விழாவில்தான், 1846 ஆகஸ்டு 26-ஆம் தேதி.

1823 செப்டம்பரில் யார்க் பேராலயத்தில் நடந்த விழாவில் ஆஞ்சலிகா கட்டலானி என்ற இத்தாலியப் பாடகி பாடினார். 1806-ல் லண்டனுக்கு வந்து புகழின் உச்சியில் இருந்தவர் அவர். பாடகரும் வாத்தியக்காரருமாக நானூறு பேருக்கு மேல் கூடிய விழா அது. அதன் லாபம் யார்க், லீட்ஸ், ஹல், ஷெபீல்டு ஆகிய நான்கு ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. நம் தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் பாடிக்கொண்டிருந்த அதே காலம் என்று நினைத்துக்கொண்டால் நமக்கு அது சமீபமாகத் தோன்றும்.

சபையின் தயக்கம்

இவையெல்லாம் எதிர்ப்பில்லாமல் நடந்துவிடவில்லை. மேடை ஏறிப் பாடும் பெண்ணைக் கண்ணியமானவள் என்று அன்றைய சமுதாயம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஊரிலும் 'கூத்தாடி' என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

1742-ல் ஹாண்டெலின் 'மேசியா' டப்ளினில் முதன்முதல் பாடப்பட்டபோது, புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாயிருந்த ஜானதன் ஸ்விப்ட், தம் பாடகர்கள் இசை அரங்கில் போய்ப் பாடக்கூடாது என்று முதலில் தடை விதித்தார். பிறகே அனுமதி கிடைத்தது. அங்கே தனிப்பாடல் பாடிய சுசன்னா சிபர் ஒரு நாடக நடிகை. கணவர் தொடுத்த வழக்கினால் பெயர் கெட்டு லண்டனை விட்டு வந்திருந்தவர். கிறிஸ்து அசட்டை பண்ணப்பட்டதை அவர் பாடியபோது, கேட்டுக்கொண்டிருந்த டெலானி என்ற குருவானவர் மனம் உருகி, இதற்காகவே உன் பாவங்கள் மன்னிக்கப்படுவதாக என்ற கருத்தில் வாய்விட்டுச் சொன்னாராம். மண்டபத்தில் இன்னும் நூறு பேருக்கு இடம் உண்டாகும்படி, பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். ஏறக்குறைய 400 பவுண்டு சேர்ந்தது. இரண்டு மருத்துவமனைகள் பங்கு பெற்றன. மூன்றாவது பங்கினால் கடனுக்காகச் சிறையிலிருந்த 142 பேர் விடுதலையானார்கள்.

இந்தத் தயக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1875-ல் வூஸ்டர் பேராலயத்தார் தனிப்பாடகர்களும் வாத்தியக் குழுவும் வேண்டாம் என்று விலக்கிவிட்டு, ஆலயப் பாடகர்களை மட்டும் வைத்து விழாவை நடத்தினார்கள். ஊரார் அதற்குப் 'போலி விழா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அவர்கள் முறை மீண்டும் வந்தபோது விழா பழையபடியே நடந்தது.

சுவீடன் நாட்டுக் குயில்

இந்த வரிசையில் நாம் நன்றாய் அறிந்துகொள்ள வேண்டியவர் ஜென்னி லிண்ட். தாய் தகப்பன் முறைப்படி மணம் செய்துகொள்ளாதிருந்த வீட்டில் 1820-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பத்து வயது நிரம்புமுன்னே அரசவை நாடகசாலையின் பள்ளியில் சேர்க்கப்பட்டார். நம் பகுதியின் பல சபைகளைப் போல லுத்தரன் சபையைச் சேர்ந்தவர், ஆழ்ந்த பக்தியுள்ளவர். டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் ஆண்டர்சன் இவருடைய குரலை மனதில் வைத்தே தமது குயில் கதையை எழுதினார் என்பார்கள்.

1847-ல் அவர் நார்விச் நகருக்குப் பாட வந்தபோது அவ்வூர்ப் பேராயர் ஸ்டான்லி தம் அரண்மனையிலேயே அவரைத் தங்கவைத்தார். நாடகக்காரிக்குப் பேராயர் வீட்டில் விருந்தா என்று பலர் முறுமுறுத்தார்கள். பேராயர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1848-ல் லண்டன் பிராம்ப்டன் காசநோய் மருத்துவமனைக்காக அந்த அம்மையார் ஊதியமின்றிப் பாடினார். ஒரே கச்சேரியில் 1,500 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. 1849 ஜனவரியில் நார்விச் நகரில் ஏழைகளுக்காக இரண்டு கச்சேரிகள் பாடினார். அதில் 1,200 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1854-ல் திறக்கப்பட்ட குழந்தைகள் மருத்துவமனை இங்கிலாந்திலேயே மிகப் பழைய குழந்தைகள் மருத்துவமனைகளில் ஒன்று. இன்று பெரிய மருத்துவமனை ஒன்றின் பகுதியாகிவிட்ட போதிலும் அது ஜென்னி லிண்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

1850-ல் அமெரிக்கா சென்றபோது நியூயார்க்கில் பாடிய முதல் கச்சேரியில் தமக்கு வந்த பங்கு ஏறக்குறைய 10,000 டாலரையும் அந்நகரத் தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தொகையின் பெருமை விளங்க ஒன்று சொல்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு அதே நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர் கொடுத்ததும் 10,000 டாலர்தான். வேலூரில் 1902-ல் திறக்கப்பட்ட ஷெல் மருத்துவமனை அதைக் கொண்டு கட்டப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் மதுரையில் தேவதாசி மரபில் வந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். அந்த மரபில் வந்த பெண்களைக் கச்சேரியில் கேட்டு ரசித்தவர்கள்கூட வீட்டுக்குள் அழைக்கத் தயங்கிய காலம் அது. அவரோ 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்குப் பாடியது தொடங்கி 200-க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நல்ல காரியங்களுக்காகவே பாடினார். அவற்றில் கிடைத்த தொகை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1974-ல் பொதுச் சேவைக்கான மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. 2004-ல் அவர் காலமானார்.

வேதம் என்ன சொல்கிறது?

எல்லாப் பணமும் காணிக்கைப் பெட்டிக்கு உகந்ததல்ல என்பது உண்மை. உபாகமம் 23-ஆம் அதிகாரம் சில வருமானங்களை ஆலயத்துக்குள் வரவிடவில்லை. யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசைப் பிரதான ஆசாரியரே பெட்டியில் போடவில்லை. பிறரைக் கெடுத்துச் சம்பாதித்த பணத்தை நாமும் வாங்கலாகாது. சாராயக் காசைக் கொண்டு மருந்து வாங்குவது தகாது என்பதே என் எண்ணம்.

ஆனால் லூக்கா 8-ஆம் அதிகாரத்தின் ஆரம்பத்தை வாசித்துப் பாருங்கள். ஆண்டவருடைய ஊழியத்தைத் தங்கள் பொருளால் தாங்கிய பெண்களில் யோவன்னாள் ஒருத்தி. அவள் கணவன் கூசா ஏரோதின் காரியக்காரன். யோவான் ஸ்நானனைக் கொன்ற அந்த அரண்மனையின் சம்பளம்தான் அவள் வீட்டுக்கு வந்தது. அவள் கொண்டுவந்ததை ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை. தொண்டையைத் தேய்த்து இரவெல்லாம் பாடிச் சம்பாதிப்பது நேர்மையான உழைப்பு. அதில் எவருக்கும் தீங்கில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். 1980-களின் பிற்பகுதியில், இறையியல் கல்லூரியை முடித்த சூட்டோடு வேறோர் ஊர் மருத்துவமனையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டும் ஒருவரின் மனைவி அங்கே அறுவைச் சிகிச்சை முடிந்து பிழைத்தாள். வீட்டுக்குப் போகிற நாளில் அவர் துண்டின் முனையை அவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை எடுத்து, "இது உங்க கோவிலுக்குங்க சாமி" என்று நீட்டினார். எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டேன். திரௌபதியம்மன் திருவிழாவில் ஓர் இரவு ஆடிய கூத்தின் கூலி என்றார். "கோவில் கூத்துப் பணத்தை நாங்கள் காணிக்கையாக வாங்குவதில்லை" என்று சொன்னேன். அவர் வாதாடவில்லை. "சரிங்க சாமி" என்று திரும்பவும் முடிந்துகொண்டு போய்விட்டார். அவரை மறுபடி நான் பார்க்கவில்லை. பரிமளதைலம் கொண்டுவந்த பெண்ணைப் பற்றிப் பிரசங்கிக்கும்போதெல்லாம், அந்த வீட்டில் சீமோனின் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்ததாகவே எனக்குத் தோன்றும்.

கணக்கும் கைப்பிடி அரிசியும்

ஆகையால், சகோதரருக்கு என் பதில்: வாங்கலாம், நன்றியோடு வாங்க வேண்டும். அதே வரலாறு இரண்டு எச்சரிப்புகளையும் தருகிறது.

முதலாவது, கணக்கு. பெரிய பாடகர்களின் கட்டணமும் விளக்குச் செலவும் டிக்கெட் வசூலை விழுங்கிவிட்ட விழாக்கள் உண்டு. குளோஸ்டர், ஹெரிபோர்டு, வூஸ்டர் என்ற மூன்று பேராலயங்கள் சேர்ந்து நடத்தும் விழாவில் நல்ல வழி ஒன்றை வைத்திருந்தார்கள். டிக்கெட் பணம் செலவுக்குப் போகும். குறைந்தால் பொறுப்பாளர்கள் தங்கள் கையிலிருந்து ஈடுசெய்வார்கள். கதவருகே தட்டில் விழுந்த காணிக்கை மட்டும் அப்படியே குருமாரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் சேரும். நாமும் செலவு இன்னது, வரவு இன்னது என்று இதே இதழில் அச்சிட வேண்டும்.

இரண்டாவது, கச்சேரி ஓர் இரவு நடக்கும். காய்ச்சல் பிள்ளைகள் வருடமெல்லாம் வருவார்கள். ஜென்னி லிண்டின் குரல் நார்விச் மருத்துவமனைக்கு அஸ்திபாரம் போட்டது. கஞ்சிக்கும் மருந்துக்கும் வழிசெய்தது பெயர் தெரியாத ஊராரின் சந்தா. நம் சபைகளில் சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் தாய்மாரும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பத்து மடங்கு விலைக்கு எடுக்கும் பெரியவர்களும், கிறிஸ்மஸ் பாட்டுப் பவனியில் உண்டி ஏந்தும் வாலிபரும் அந்தச் சந்தாதாரரின் வழிவந்தவர்கள்.

நிர்வாகக் குழுவினரிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். கச்சேரி நடைபெறும் நாளையும் இடத்தையும் அடுத்த இதழில் அறிவிப்போம். வரக்கூடியவர்கள் வாருங்கள். முன்வரிசையில் நம் சபையார் உட்கார்ந்திருப்பதை அந்தச் சகோதரி மேடையிலிருந்து பார்க்கட்டும். வர இயலாதவர்கள் கூரை வேலைக்காகவும், மழைக்கு முன் அது முடியவும், அந்தக் குழுவினரின் குடும்பங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் அனுப்பும் காணிக்கையை மறவாதிருங்கள்.

தேவனுடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்
திருவண்ணாமலை