சவர்க்காரக் கட்டியும் கலண்டர் மட்டையும்

கேகாலைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குத் தோட்டத்து லொறி வெறும் லொறியன்று. பகலில் இறப்பர்ப் பாலும் உர மூடைகளும் சுமக்கும் அவ்வண்டிதான், இரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் பாம்பு தீண்டிய பிள்ளையையும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டோடும். அது வழியில் நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை நகரத்து வாசகர்களும் ஊகித்துக்கொள்ளலாம்.

என் சிறு வயதில் அப்படி ஓர் இரவு வந்தது. சித்தியை ஏற்றிக்கொண்டு லொறி புறப்படும் வேளையில், பெற்றோல் தாங்கியில் கல் அடித்து, சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைச் சாரதி கண்டார். லாந்தரைத் தூரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, என் தாயாரிடம், "தங்கச்சி, ஒரு சவுக்காரக் கட்டி இருந்தா கொண்டா" என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துணி துவைக்கும் சவர்க்காரத்தை அவர் மாவுபோற் பிசைந்து, வெடிப்பில் அப்பி, கந்தைத் துணியால் இறுகக் கட்டினார். ஒழுக்கு நின்றது. விடியுமுன் ஆஸ்பத்திரியில் எனக்கொரு தம்பி பிறந்தான்.

சவர்க்காரம் நீரிற் கரையும், பெற்றோலில் கரையாது. மந்திரம் இவ்வளவே.

வீட்டுச் சாமானால் மோட்டாரைப் பிழைக்கவைக்கும் இக்கலை மோட்டாரோடு கூடவே பிறந்தது எனலாம். 1888ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஜெர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்னும் மாது, தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில், மைந்தர் இருவருடன் மான்ஹைமிலிருந்து பொர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பியூசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறை கட்டும் பட்டியைச் சுற்றினார். தடைக்கட்டை தேய்ந்தபோது சப்பாத்துத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிக்கச் செய்தார். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணம் இப்படித்தான் நிறைவேறியது.

நம் தோட்டத்துப் பிற்றர்மார் செய்த வேலைகளில் மிகவும் பயனுள்ளது 'கஸ்கற்' வெட்டுதல். இயந்திரத்தின் இரு இரும்பு முகங்கள் பொருந்துமிடத்தில் எண்ணெயோ நீரோ கசியாமல் இடையில் வைக்கும் மெல்லிய தகடுதான் அது. பழைய கலண்டர் மட்டை இதற்குப் போதும். தடிப்பு மட்டும் பழைய தகட்டின் அளவாக இருத்தல் வேண்டும். மட்டையை இரும்பு முகத்தின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டினால், விளிம்பே கத்தியாகி மட்டையை அறுத்துவிடும். முதலில் ஆணித் துளைகளைத் தட்டி, அவற்றில் ஆணிகளைச் செருகிக்கொண்டால் மட்டை நகராது. அலுமினிய முகமாயின் தட்டலாகாது, விளிம்பு நசுங்கிவிடும். எண்ணெய் தொட்ட விரலால் மட்டையின்மேல் அழுத்தித் தேய்த்து அச்செடுத்து, கத்தரிக்கோலால் வெட்டுவதே முறை. நீர் வெளியேறும் வாய்க்கும் பக்க மூடிகளுக்கும் இது பொருந்தும். சிலிண்டர்த் தலைக்கு மட்டும் பொருந்தாது; அங்கே எரியும் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியஸைத் தாண்டும். பழைய வண்டிகளின் தலைக் கஸ்கற்றில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குப் பகை. உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது.

இன்னொரு தந்திரம் மாணவர்களுக்குப் பிடிக்கும். பழைய பெற்றோல் இயந்திரங்களில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மூடியின் நடுவில் சிறு கரித்துண்டு ஒன்று உண்டு. அது உடைந்தால் பொறி பிறவாது. தீர்ந்துபோன டோர்ச் பற்றரியின் நடுவிலுள்ள கரிக்கோலை எடுத்து, அராவி, அளவாக்கி வைத்தால் வண்டி மறுபடி ஓடும். கரியின் ஒரு வடிவமான காரீயத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் குணம் உண்டு. உயர்தரக் காரீயம் கிடைக்கும் போகல சுரங்கம் இதே கேகாலை மாவட்டத்திலேயே இருக்கிறது என்பதை எத்தனைபேர் நினைத்துப் பார்த்தார்களோ! காரீயப் பொடியைக் கிறீஸிற் குழைத்துக் கஸ்கற்றிற் பூசினால், அடுத்தமுறை கழற்றும்போது அது ஒட்டிக்கொள்ளாது.

இனி இறப்பருக்கு வருவோம். சுற்றிலும் இறப்பர் மரங்கள். புகையறையிலே தாள் தாளாக இறப்பர். அதில் ஒரு வளையம் வெட்டிப் பெற்றோல் குழாய்க்குப் போட்டாலென்ன என்று எந்தச் சிறுவனுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. மறுநாள் அது ஊறிப் பருத்துப் பசையாகிக் கிடந்தது! இயற்கை இறப்பர் பெற்றோலையும் எண்ணெயையும் உறிஞ்சி வீங்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்காத கச்சா இறப்பரோ வெயிலிலும் இளகிவிடும். கந்தகத்தால் இறப்பரை உறுதியாக்கும் முறையைச் சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். எண்ணெய்க்கு அஞ்சாத செயற்கை இறப்பர்கள் 1930களிலேதான் வந்தன. ஆனால் அதிர்ச்சியைத் தாங்குவதில் இயற்கை இறப்பர் கெட்டிக்காரன். ஆகவே இயந்திரத்தைத் தாங்கும் மெத்தைகளுக்கு இன்றும் அதுவே உகந்தது.

இவ்வித்தைகளை வளர்த்தது வறுமை மட்டுமன்று; பொருட் தட்டுப்பாடும்தான். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாட்களில், உதிரிப்பாகம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபாய் சரிந்தபோது பழைய வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. இந்தத் திறமைக்கு வெளியுலகிலும் மதிப்புண்டு. 1948இல் பிறந்த மொறிஸ் மைனர் காருக்குரிய பாகங்களை, 1990களில் இலங்கைத் தொழிலாளர் கையாலே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். பாத் நகரில் அக்கார்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வேர் என்பவரே அதற்கு வழிசெய்தவர்.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். தடுப்புக்கும் சுக்கானுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. பியூஸ் எரிந்தால் சிகரட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிவைக்கும் வழக்கத்தைப் பலர் கெட்டித்தனம் என்று எண்ணுகிறார்கள்; அது தீ வைப்பதற்குச் சமம். பியூஸ் எரிவதே கம்பி எரியாதிருப்பதற்காக அன்றோ? ஒழுகும் றேடியேற்றரில் மஞ்சள்தூள் போடுவதும் வீடு சேரும்வரைக்குத்தான். பிறகு உள்ளே கழுவாவிட்டால் நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் சாரதி இதையெல்லாம் அறிந்தவர். சித்தி வீடு திரும்பிய பின் தாங்கியைக் கழற்றிச் சவர்க்காரத்தைச் சுரண்டினார். வெறுந் தாங்கியிலுள்ள பெற்றோல் ஆவி பெற்றோலைவிடப் பொல்லாதது என்று சொல்லி, வெந்நீரால் பலமுறை அலசி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, வெடிப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி சாய்த்து வைத்தபிறகே ஈயம் பற்றவைக்கக் கொடுத்தார். மிஞ்சிய சவர்க்காரத்தைத் தாயாரிடம் திருப்பித் தந்தார். பெற்றோல் மணக்கிறது என்று அம்மா அதை வாங்கவில்லை.