டிஸ்க் வலி: வெளிச்சம் எதுவரை போகும்?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவுடன் ‘டிஸ்க் விலகிடுச்சாம்’ என்று பயந்துபோகிறவர்கள் ஏராளம். உண்மையில் டிஸ்க் எங்கும் விலகுவதில்லை. மேலும் கீழுமுள்ள முள்ளெலும்புகளோடு அது இறுக ஒட்டியிருக்கிறது. அதன் வெளிவளையம் தளர்ந்தோ கிழிந்தோ போகும்போது உள்ளேயிருக்கும் களிபோன்ற பகுதி பிதுங்குகிறது. பக்கத்திலுள்ள நரம்பு வேரை அது உறுத்தினால் வலி பிட்டத்திலிருந்து கால்வரை இறங்கும். இந்த வலிக்குப் பல பிசியோதெரபி மையங்களில் இப்போது லேசர் ஒளி சிகிச்சை தருகிறார்கள். அந்த ஒளி வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், ஆனால் பிதுங்கியதை உள்ளே தள்ளாது. உடற்பயிற்சிதான் முதன்மையான மருத்துவம், ஒளி அதற்குத் துணை மட்டுமே என்பதுதான் என் கட்சி.

1967 வாக்கில் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், முடி மழித்த எலிகளின் தோலில் குறைந்த சக்தி லேசரைப் பாய்ச்சினார். அந்த இடத்தில் முடி வேகமாக முளைத்தது. இந்தச் சிகிச்சையின் தொடக்கம் அதுதான். சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியையும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு நொதி உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடி வீக்கம் தணிகிறது என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம். தோலுக்கும் தசைக்கும் இது பொருந்தலாம். கீழ்முதுகு டிஸ்க்கோ தோல், கொழுப்பு, தடித்த முதுகுத்தசை, எலும்பு எல்லாவற்றுக்கும் பின்னால் பல சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. உள்ளே போகப்போக ஒளி சிதறி மங்கிவிடுகிறது. டிஸ்க்கையே ஒளி சரிசெய்துவிடும் என்று விளம்பரம் செய்வதை இதனால்தான் ஏற்க முடியவில்லை.

ஈரானில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு லேசரா பயிற்சியா என்பதை நேராகவே சோதித்தது. நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 61 பேரில் ஒரு பிரிவுக்கு லேசர் மட்டும், இன்னொன்றுக்கு லேசரோடு பயிற்சி, மூன்றாவதற்குப் போலி லேசரோடு பயிற்சி. பயிற்சியைவிட லேசர் மட்டும் எந்த வகையிலும் மேலாக இல்லை. ஆறாவது வாரத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதல் பலன் தெரியவில்லை. 12ஆவது வாரத்தில்தான் பத்துக்கு 1.8 அளவு அவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆள் எண்ணிக்கை சிறியது என்பதால் இதை உறுதியான முடிவாகக் கொள்ள முடியாது. பயிற்சிக்கான ஆதாரமோ வேறு எடையுடையது. 2021இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 249 ஆய்வுகளை அலசி, நாள்பட்ட இடுப்பு வலியில் பயிற்சி செய்யாதவர்களைவிடச் செய்தவர்களுக்கு நூற்றுக்குச் சுமார் 15 புள்ளி வலி குறைவு என்று கண்டது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் தந்த வழிகாட்டுதலில் இரண்டுமே இடம்பெற்றாலும், லேசருக்கான ஆதாரத்தைத் தரம் குறைந்தது என்றே அது குறித்தது.

‘பத்து சிட்டிங்கில் எனக்குச் சரியாகிவிட்டதே’ என்பவர்களின் அனுபவத்தை நான் பொய் என்று தள்ளவில்லை. ஆனால் பிதுங்கிய டிஸ்க் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்குகிறது. சிகிச்சை நடந்த அதே வாரங்களில் உடலும் தன் வேலையைச் செய்திருக்கும். ‘டிஸ்க் பிதுங்கியிருக்கும்போது பயிற்சி செய்தால் மோசமாகாதா?’ என்ற அச்சமும் நியாயமானதுதான். இதற்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும்: வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆகவே பிதுக்கம் என்ற சொல்லைக் கேட்டே படுத்துவிடத் தேவையில்லை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது பிசியோதெரபிஸ்டுகள் பலருக்குச் சொல்லித்தரும் எளிய பயிற்சி. காலில் இருந்த வலி முதுகை நோக்கி ஏறி ஒடுங்கினால் நல்ல அறிகுறி. பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு வேறு பயிற்சி கேளுங்கள். வலி மிகுதியால் அசையவே முடியாதவருக்கு, முதல் அடி எடுத்துவைக்க ஒளி கைகொடுத்தால் நல்லதே.

ஆகவே சிட்டிங்குக்குப் பணம் கட்டுமுன், ‘இதோடு எனக்கு என்ன பயிற்சி சொல்லித்தருவீர்கள்?’ என்று கேளுங்கள். சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ, தொடைகளின் இடுக்கில் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, லேசரும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.