ஒரு சிட்டிகை நீலம்

மார்கழி பாதியிலேயே எங்கள் தெருவில் வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். கொல்லைத் தொட்டியில் கற்சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிக்கும். தெறித்தால் கண் போய்விடும் என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் வச்சிரம், பழுப்புத் தட்டாமலிருக்க ஒரு சிட்டிகை நீலம். நீலம் கை தவறிக் கூடிவிட்டால் அடுத்த பொங்கல்வரை வீடு சலவைக்குப் போட்ட சட்டைபோல நிற்கும்.

நுனியைத் தட்டி நாராக்கிய மட்டைதான் பிரஷ். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே தெரியாது, ஈரம்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிற வேலை அது. சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகில் பாதிச் சுவர் ஒட்டிக்கொண்டு வரும் என்பது வேறு விஷயம்! அழுக்குத் தெரியாமலிருக்க அடியில் ஒரு முழத்துக்குக் காவிப்பட்டை. 'என்ன கலர்?' என்ற கேள்வியே கிடையாது.

நடுவில் டிஸ்டம்பர் வந்தது. கூடத்துக்கு ரோஸ், படுக்கையறைக்குப் பச்சை என்று கொஞ்ச காலம் ஆடித் தீர்த்தோம்.

இப்போது மறுபடி வெள்ளைப் பக்கம் திரும்பியிருக்கிறோம். ஆனால் அதற்குப் பெயர் நியூட்ரல். ஆஃப் ஒயிட், ஐவரி, க்ரீம், பேஜ் என்று ஷேடு கார்டில் ஒன்றுக்கொன்று ஒரு சொட்டுதான் வித்தியாசம். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஒரு வாரம் சண்டை போடுகிறது. பட்டி, தேய்ப்பு, பிரைமர், அதன்மேல் இரண்டு கோட் எமல்ஷன். குழந்தை கிறுக்கினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதியும் 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். எமல்ஷன் தோல்போல மூடிக்கொள்ளும். ஓதம் ஏறிய சுவரில் அது கொப்புளித்து உரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் பழைய தொட்டிக்குத்தான் என் ஓட்டு.

இன்னொன்று, அன்று வெளிச்சம் வாசல் வழியாக வந்தது. எந்த வெள்ளையும் வெள்ளையாகவே இருந்தது. இன்று பகலில் க்ரீமாகத் தெரிவது, இரவில் மஞ்சள் எல்இடி போட்டதும் நெய்ச்சோறாகிவிடுகிறது. வாங்குமுன் ஒரு லிட்டர் மட்டும் கலக்கச் சொல்லி, கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் இரண்டடி சதுரம் அடித்து, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். மெஷினில் சாயம் கலந்துவிட்ட டப்பாவைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.